ஐந்தாண்டு முடிந்தால் குத்தகை தானாக முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. செந்தூலில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் டியூஷன் மையம் நடத்தி வருகிறேன். 2021-ஆம் ஆண்டில் இரண்டு போட்டோஸ்டேட் மெஷின்களை 60 மாதக் குத்தகைக்கு எடுத்தோம். செப்டம்பர் 20-ஆம் தேதி கையெழுத்திட்டேன். அக்டோபர் 15-ஆம் தேதி மெஷின்கள் வந்தன. நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து மாதம் 620 ரிங்கிட் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்து வருகிறது. "அஞ்சு வருஷம் கட்டி முடிச்சிட்டா மெஷின் உங்களுக்கே, அக்கா" என்று அன்று விற்க வந்த தம்பி சொன்னார். இப்போது அதே கம்பெனியிலிருந்து வேறொருவர் வந்து, புது மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டால் பழைய பாக்கியைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒப்பந்தத்தில் 90 நாள், 180 நாள் என்று ஒரு பத்தி இருக்கிறது. அது எனக்குப் புரியவில்லை. ஐந்தாண்டு முடிந்ததும் இது தானாக முடிந்துவிடாதா? மெஷின்களை நாங்களே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வணக்கம் அம்மா. ஒப்பந்தப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்ததற்கு நன்றி. முதல் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. நீங்கள் குறிப்பிடும் அந்தப் பத்தி, குத்தகைக் காலம் முடிவதற்கு 180 நாளுக்கு மேற்படாமலும் 90 நாளுக்குக் குறையாமலும் எழுத்து மூலம் நீங்கள் அறிவிக்காவிட்டால், குத்தகை இன்னும் 12 மாதங்களுக்குத் தானாக நீளும் என்கிறது. அப்படி நீண்டால் நீங்கள் கட்ட வேண்டியது 7,440 ரிங்கிட். அதுவும் ஐந்தாண்டு ஓடித் தேய்ந்த மெஷின்களுக்கு. நல்ல வேளையாக மே மாத நடுவிலேயே எழுதிக் கேட்டீர்கள். இதே கேள்வியோடு அக்டோபரில் வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

அந்த 90 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதுதான் அடுத்த சிக்கல், ஏனென்றால் உங்களிடம் மூன்று தேதிகள் இருக்கின்றன. கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் குத்தகை 2026 செப்டம்பர் 19-ஆம் தேதி முடிகிறது. மெஷின் வந்த நாளிலிருந்து எண்ணினால் அக்டோபர் 14. முதல் தவணை நாளிலிருந்து எண்ணினால் அக்டோபர் 31. இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும், மெஷினைப் பெற்றுக்கொண்டு நீங்கள் கையெழுத்திட்ட ஏற்புச் சான்றின் தேதியோ அதற்கு அடுத்த மாதத்தின் முதல் நாளோதான் தொடக்க நாளாக எழுதப்பட்டிருக்கும். இடையில் விழும் சில நாட்களுக்குத் தனி வாடகை வாங்கியிருப்பார்கள், ஆனால் அது 60 மாதக் கணக்கில் சேராது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அந்த ஏற்புச் சான்று இல்லை. கோப்பில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் குத்தகை நிறுவனத்திடம் நகல் கேளுங்கள்.

ஆனால் அது கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று தேதிகளுக்கும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தேன். முதல் கணக்கின்படி உங்கள் கடிதம் மார்ச் 23-க்கும் ஜூன் 21-க்கும் இடையில் போய்ச் சேர வேண்டும். இரண்டாவதன்படி ஏப்ரல் 17-க்கும் ஜூலை 16-க்கும் இடையில். மூன்றாவதன்படி மே 4-க்கும் ஆகஸ்டு 2-க்கும் இடையில். மே 4 முதல் ஜூன் 21 வரையிலான நாட்கள் மூன்று கணக்கிலும் அடங்குகின்றன. அந்த இடைவெளிக்குள் கடிதம் சேர்ந்துவிட்டால், தொடக்க நாள் எது என்று பின்னால் யாரும் வாதிட இடமிருக்காது. ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் ஹரி ராயா ஹாஜி, விசாக தினம், மாமன்னர் பிறந்தநாள், அவால் முஹாரம் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஒப்பந்த எண், இரு மெஷின்களின் மாடல் பெயர், சீரியல் எண், குத்தகையை நீட்டிக்க விருப்பமில்லை என்பது, காலம் முடியும் நாளில் மெஷின்களைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறீர்கள் என்பது, எந்த முகவரிக்கு யாரிடம் ஒப்படைப்பது என்று எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்பது ஆகியவை போதும். முடிவுத் தேதியாக ஒரே நாளை நீங்களே எழுதி மாட்டிக்கொள்ளாமல், "ஒப்பந்தப்படி முதற்குத்தகைக் காலம் முடியும் நாள்" என்று எழுதுவது நல்லது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதால் கடிதத்தையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். மெஷின் விற்ற கம்பெனிக்கு அல்ல, ஒப்பந்தத்தில் குத்தகைக்கு விடுபவராகப் பெயர் உள்ள நிறுவனத்துக்கு, அறிவிப்புகளுக்கென்று அதில் குறிப்பிட்டிருக்கும் முகவரிக்கு, பெற்றுக்கொண்டதற்கான சான்று திரும்பி வரும் ஏ.ஆர். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு நகலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வந்தால் இன்னும் நிம்மதி. வாட்ஸ்அப்பில் "நோட்டீஸ் குடுத்துட்டேன்" என்று விற்பனையாளருக்குச் சொல்லியிருந்தால், அதை அறிவிப்பாக எண்ண வேண்டாம்.

விற்ற கம்பெனி வேறு, குத்தகை நிறுவனம் வேறு என்பது உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அடிப்படை. நடந்தது என்னவென்றால், விற்ற கம்பெனி மெஷின்களைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுப் பணத்தை அன்றைக்கே வாங்கிக்கொண்டது. குத்தகை நிறுவனம் அவற்றை உங்களுக்கு வாடகைக்கு விட்டது. ஐந்தாண்டும் மெஷின்களின் சொந்தக்காரர் அந்த நிறுவனம்தான். தவணை முடிந்ததும் பொருள் நம்முடையதாவது ஹயர் பர்ச்சேஸில் நடப்பது. நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டு ஹயர் பர்ச்சேஸ் சட்டம் அதன் முதல் அட்டவணையில் உள்ள பொருள்களுக்கே பொருந்தும். அவை சொந்த, குடும்ப உபயோகப் பொருள்களும் குறிப்பிட்ட சில வகை வாகனங்களும். டியூஷன் மையத்துக்கு எடுத்த போட்டோஸ்டேட் மெஷின் அதில் வராது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால், அதுவும் வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கான இடம்தான்.

தம்பி சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை வாய்ச் சொல்லால் மாற்ற முயல்வதை 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 91, 92-ஆம் பிரிவுகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏமாற்று, தவறான தகவல் போன்ற விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அவற்றை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. மேலும் அவர் விற்ற கம்பெனியின் ஆள். குத்தகை நிறுவனத்தின் சார்பில் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததாக உங்கள் ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. அவர் அனுப்பிய செய்தியோ விலைப்பட்டியலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள், விலை பேசும்போது உதவும். அதை நம்பி அக்டோபருக்குப் பிறகு மெஷின்களை வைத்துக்கொள்வதோ யாருக்காவது விற்பதோ கூடாது. பிறர் பொருளை விற்பது பணத் தகராறோடு நிற்காது, போலீஸ் புகார் வரைக்கும் போகும்.

உண்மையிலேயே மெஷின்கள் வேண்டுமென்றால், நோட்டீஸ் அனுப்பிய பிறகு வாங்கும் விலையை எழுத்தில் கேளுங்கள். விலை கேட்பதும் நோட்டீஸ் கொடுப்பதும் இரண்டு தனிக் கடிதங்களாக இருக்கட்டும். ஒன்றாகக் கலந்தால், நீங்கள் முடிக்கச் சொன்னீர்களா, பேசிப் பார்க்கச் சொன்னீர்களா என்ற குழப்பம் வரும். என் கருத்தைச் சொல்வதானால், வாங்காதீர்கள். தேர்வுக் காலத்தில் கேள்வித்தாள் அச்சடித்தே டிரம்மும் ரோலரும் தேய்ந்திருக்கும். அச்சுக்கு இத்தனை சென் என்று நீங்கள் கட்டும் மீட்டர் கட்டணத்தில்தான் டோனரும் பழுதுபார்ப்பும் அடங்கியிருக்கின்றன, அது பெரும்பாலும் குத்தகையோடு சேர்ந்து முடியும். பராமரிப்பு ஒப்பந்தத்தை நியாயமான விலையில் தொடர்வோம் என்று விற்ற கம்பெனி எழுதிக் கொடுத்தால் மட்டும், இரண்டில் குறைவாக ஓடிய ஒன்றை வாங்குவது பற்றி யோசிக்கலாம். அந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குத் தனி முடிவுத் தேதியும் தனி நோட்டீஸும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். குத்தகையை ஒழுங்காக முடித்துவிட்டு இதை மறந்தவர்கள் பலர்.

இனி, புது மெஷினுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறவரைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "பழைய பாக்கியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும். ஒன்று, மிச்சமிருக்கும் ஐந்து தவணை, அதாவது 3,100 ரிங்கிட்டை, அவர்கள் தங்கள் பணத்திலிருந்து குத்தகை நிறுவனத்துக்குக் கட்டுவது. மற்றது, அந்தத் தொகையைப் புது மெஷினின் விலையோடு சேர்த்துப் புது 60 மாதத் தவணைக்குள் வைத்துவிடுவது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகைதான். அப்படியானால் உங்கள் அறையில் இல்லாத மெஷினுக்கு இன்னும் ஐந்தாண்டு வட்டியோடு கட்டுவீர்கள். புது மெஷினின் ரொக்க விலை என்ன, பழைய பாக்கி என்று அதில் சேர்த்தது எவ்வளவு என்று இரண்டு தனி வரிகளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய மெஷின் எங்கே போகிறது என்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஜாலான் ஈப்போவில் ஒரு கிளினிக்குக்காக இப்படி ஒரு வழக்கைப் பார்த்தேன். புது மெஷின் வந்த அன்றே விற்ற கம்பெனியின் ஆட்கள் பழையதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டர் அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார். மெஷின் குத்தகை நிறுவனத்தைச் சென்றடையவே இல்லை; நோட்டீஸும் யாரும் கொடுக்கவில்லை. பதினான்கு மாதங்கள் கழித்து வாடகை பாக்கியும் மெஷினின் விலையும் கேட்டுக் கடிதம் வந்தது. அவரிடம் இருந்த ஒரே சான்று ஒரு மஞ்சள் கார்பன் தாள்: "1 யூனிட் காப்பியர் எடுக்கப்பட்டது", கீழே வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. சீரியல் எண் இல்லை, மீட்டர் எண் இல்லை, எடுத்தவர் பெயரும் இல்லை. கடைசியில் பேசித் தொகையைக் குறைத்தோம். முழுவதும் தப்பிக்க முடியவில்லை. ஆகவே குத்தகை நிறுவனம் எழுத்தில் அனுமதிக்காமல் உங்கள் மெஷின்கள் அந்த மாடிப்படியில் இறங்கக் கூடாது.

நோட்டீஸ் நாளைத் தவறவிட்டிருந்தால் சட்டம் காப்பாற்றாதா என்று மற்ற வாசகர்கள் கேட்கக்கூடும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறியதற்காக எழுதி வைத்த தொகையை அப்படியே வாங்கிவிட முடியாது. அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனால் கூட்டரசு நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் மேல் விழுகிறது. இன்னொன்றும் உண்டு. இடையில் நிறுத்தினால் மீதி வாடகை முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் இந்தப் பிரிவால் நேரடியாக எதிர்க்கலாம். தானாக நீளும் நிபந்தனையோ மீறலுக்கான தண்டம் அல்ல, ஒப்பந்தம் சொன்னபடி நடப்பது. அங்கே 75-ஆம் பிரிவை நீட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே இதைத்தான் சொல்வார். தவறவிட்டவர்களுக்கு நடைமுறையில் கைகொடுப்பது பேச்சுவார்த்தைதான்: பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் கட்டி முடித்துக்கொள்கிறேன் என்பது போல. 2025 ஜூலை 1 முதல் குத்தகை, வாடகைச் சேவைகளும் சேவை வரிக்குள் வந்திருப்பதால், நீட்டிப்புக்கான இன்வாய்ஸில் வரி சேர்ந்திருந்தால், உங்களுக்கு விலக்குப் பொருந்துமா என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுடையது போன்ற பெரிய போட்டோஸ்டேட் மெஷின்களில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். ஸ்கேன் செய்ததும் நகல் எடுத்ததும் அதில் பதிந்து தங்கக்கூடும். திரையில் ஆவணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை, ஆசிரியர்களின் சம்பளச் சீட்டு என்று ஐந்தாண்டில் கண்ணாடியின் மேல் வைத்தவற்றில் எத்தனையோ அங்கே வரிசையாக நிற்கலாம். பெட்டி காலியாகத் தெரிந்தாலும் டிஸ்க் காலி என்று பொருளில்லை. அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம், குத்தகை முடிந்து திருப்பித் தந்த மெஷின்களின் டிஸ்க்கை அழிக்காமல் விட்டது. அதிலொன்றை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கித் திறந்தபோது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் இருந்தன; 2013-இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கும் மேல் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. நம் நாட்டிலும், தேவை முடிந்த தனிப்பட்ட விவரங்களை நிரந்தரமாக அழிக்க நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைத் திரட்டிய உங்கள் மேல்தான் வைக்கிறது. 2024-இல் அது திருத்தப்பட்டு, 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையருக்கு அறிவிப்பதும் கடமையாகியிருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமில்லை. மெஷினை எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பு, நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்த டெக்னீஷியனை வரச் சொல்லி, எல்லாத் தரவையும் மேலெழுதி அழிக்கும் வசதியை உங்கள் கண் முன்னால் இயக்கச் சொல்லுங்கள். ரிக்கோ, கேனன், கோனிக்கா மினோல்டா போன்றவற்றின் அலுவலக மாடல்களில் அது உண்டு, பெயர்தான் ஒவ்வொன்றிலும் வேறு. சில மணி நேரம் பிடிக்கலாம் என்பதால் வகுப்பு இல்லாத காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் சீரியல் எண்ணும் தேதியும் குறித்த சான்றுக் கடிதம் வாங்குங்கள். டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால் முன்கூட்டிக் குத்தகை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் அதுவும் அவர்கள் சொத்து. ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்ப மெஷினுக்குள் பதிந்து வைத்த உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எடுத்துச் செல்லும் நாளில், மெஷின்களை நாலு பக்கமும் படமெடுங்கள். சீரியல் எண் பட்டையையும் திரையில் மீட்டர் எண்ணையும் கிட்டத்தில் எடுங்கள். கூடுதல் தட்டு, ஸ்டேப்ளர் பகுதி, மின்கம்பி என்று ஏற்புச் சான்றில் உள்ள எல்லாம் கூடவே போகட்டும், இல்லாவிட்டால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார்கள். நியாயமான தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. உடைந்த மூடிக்கும் விரிசல் விட்ட கண்ணாடிக்கும் பொறுப்பு உண்டு. லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து நூறு கிலோ அளவுள்ள இரண்டு மெஷின்களை இறக்கும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். உங்களுடையது என்றிருந்தால் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு வையுங்கள். படியில் இறக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதும் அந்த விலையில் சேரட்டும்.

வங்கியில் தானாகக் கழியும் ஏற்பாட்டைக் கடைசித் தவணை போன பிறகுதான் நிறுத்த வேண்டும். கோபத்தில் முன்னதாக நிறுத்தினால் நீங்கள்தான் ஒப்பந்தத்தை மீறியவராவீர்கள், கடன் விவரங்களைத் திரட்டும் சீடோஸ் (CTOS) நிறுவனத்தின் அறிக்கையிலும் அது ஏறக்கூடும். அக்டோபர் தவணை போனதும் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டு, பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தைக் குத்தகை நிறுவனத்திடம் கேளுங்கள். வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரும்படியும், நீங்கள் அனுப்பிய கடைசிப் பக்கத்தில் உங்கள் கணவர் போட்டிருக்கும் தனிப்பட்ட உத்தரவாதம் முடிவுக்கு வந்ததாக எழுதித் தரும்படியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.